“விளங்கிச்சா?” என்று கேட்காமல் விளங்கியதை அறிவது எப்படி: வகுப்பறைக் கணிப்பீட்டுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

“விளங்கிச்சா பிள்ளைகள்?”

“ஓம் சேர்!”

நாற்பது தொண்டையிலிருந்து ஒரே சுருதியில் வரும் இந்த ‘ஓம் சேர்’ஐ நம்பியே ஆசிரியத் தொழிலின் முதல் இரண்டு வருடங்களைக் கழித்தேன். கொழும்பில் ஒரு தமிழ்மூலப் பாடசாலை, தரம் 7, கணிதம். தவணைப் பரீட்சைத் தாள்களைக் கட்டாகக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து திருத்த உட்கார்ந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஓம் போட்டவர்களில் பாதிப் பேர் 0.8ஐ விட 0.35 பெரியது என்று எழுதியிருந்தார்கள். அந்த அலகை முடித்து ஏழு வாரம் ஆகியிருந்தது. திரும்பிப் போக நேரமில்லை, தவணையும் முடிந்துவிட்டது.

தமிழ் இலக்கணத்தில் வினா ஆறு வகை. முதலாவது அறிவினா: விடை தெரிந்தவர், எதிரில் இருப்பவருக்குத் தெரியுமா என்று பார்க்கக் கேட்பது. அதற்கு வழக்கமாகக் காட்டும் உதாரணமே ஆசிரியர் மாணவனிடம் கேட்பதுதான். இரண்டாவது அறியா வினா: தெரியாதவர் தெரிந்துகொள்ளக் கேட்பது. வகுப்பறையில் எங்கள் கேள்விகள் அறிவினாவாகவே நின்றுவிடுவதுதான் கோளாறு. 0.35, 0.8 இரண்டில் எது பெரிது என்பது எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை ஏன் 0.35 என்கிறது என்பதுதான் எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளக் கேட்கும் கேள்வி வேறு மாதிரி இருக்கும். கீழே வருவதெல்லாம் அந்த வேறு மாதிரிக் கேள்விகளைப் பற்றியது. தசமம் என்ற ஒரே அலகைக் கடைசிவரை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். விஞ்ஞானம், வரலாறு படிப்பிப்பவர்கள் தங்கள் பாடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு சொல் விளக்கம். எங்கள் ஆசிரியர் வழிகாட்டிகளில் கணிப்பீடு, மதிப்பீடு என்று இரண்டு சொல் வரும். பிள்ளை எங்கே நிற்கிறது என்று தகவல் திரட்டுவது கணிப்பீடு. திரட்டிய தகவலுக்கு ஒரு பெறுமதி கொடுத்து, ஏ, பீ, சீ என்று தீர்ப்புச் சொல்வது மதிப்பீடு. கற்பித்தலை நடுவழியில் திருத்துவதற்காகப் பார்ப்பதையும், முடிந்தபின் தீர்ப்புக்காகப் பார்ப்பதையும் வேறுபடுத்தி 1967இல் பெயர் வைத்தவர் மைக்கேல் ஸ்க்ரிவன். எங்கள் பாடசாலைகளில் இரண்டாவது தாராளமாக நடக்கிறது. முதலாவதுக்குத்தான் பஞ்சம்.

முதற்படி: எதைப் பார்க்கப் போகிறீர்கள்?

மஹரகம தேசிய கல்வி நிறுவகத்தின் பாடத்திட்டத்தில் தேர்ச்சி, தேர்ச்சி மட்டம், கற்றற்பேறு என்று வரிசையாக இருக்கும். பாடக்குறிப்பில் அதை அப்படியே பார்த்து எழுதிவிட்டுப் போவதுதான் வழக்கம். அங்கே ஒரு நிமிடம் நின்று, வினைச்சொல்லைப் பாருங்கள். “தசமங்களை விளங்கிக்கொள்வார்” என்று நீங்கள் எழுதியிருந்தால் அதை வெட்டிவிடுங்கள். விளங்கிக்கொள்வதைக் கண்ணால் பார்க்க முடியாது. “வெவ்வேறு தசமதானங்கள் உள்ள மூன்று எண்களை ஏறுவரிசையில் எழுதி, காரணம் சொல்வார்” என்று எழுதினால் அது தெரியும், காதிலும் விழும். சிந்தனையை எளியதிலிருந்து கடினமானதாக அடுக்கி பெஞ்சமின் புளூம் குழுவினர் 1956இல் வகுத்த ஆறு படிநிலைகளைப் பயிற்சிக் கலாசாலையில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். நடைமுறையில் எனக்கு அதிலிருந்து ஒரு கேள்வி போதும்: இந்த வினாவுக்குக் கொப்பியைப் பார்க்காமல் மனப்பாடத்தில் விடை எழுத முடியுமா? முடியும் என்றால் அது நினைவைத்தான் பார்க்கிறது.

இரண்டாவது: தொடங்குமுன் ஐந்து வினா

அலகைத் தொடங்குவதற்கு முதல்நாள், பாடவேளையின் கடைசிப் பத்து நிமிடத்தில், ஐந்து சிறிய வினா. புள்ளி கிடையாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தசமத்துக்கு நான் கேட்பது தசமத்தை அல்ல, இடப்பெறுமானத்தையும் பின்னத்தையும்: 407இல் 4இன் பெறுமானம் என்ன, பத்தில் மூன்றை நிழற்றிக் காட்டு, இப்படி.

இந்த இடத்தில்தான் ஒரு பழைய பழக்கத்தைக் கைவிட்டேன். நாங்கள் படித்த காலத்தில் தசமம் என்றால் ரூபாயும் சதமும். இன்றைக்குக் கொழும்பில் பிறந்து வளர்ந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கையில் இருபத்தைந்து சதம் புழங்கியதில்லை. “ஒரு ரூபாய் ஐம்பது சதம்” என்று நான் சொன்னபோது முன்வரிசையில் ஒருத்தி, “அது அம்மம்மா காலத்துக் காசு சேர்” என்றாள். அதற்குப் பதில் வெள்ளவத்தைச் சந்தையில் டிஜிட்டல் தராசு 0.450 என்று காட்டுவதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். முன்னறிவு வினாவின் பயன் இதுதான். பிள்ளைக்குத் தெரிந்திருக்கும் என்று நாங்கள் எண்ணிக்கொண்டிருப்பது பொய் என்று அது காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவது: வகுப்பு நடக்கும்போதே

கேள்வி கேட்டவுடன் கையுயர்த்துவது யார்? எப்போதும் அந்த ஐந்து பேர்தான். அவர்களின் விடையை வைத்து வகுப்பு முழுவதையும் அளந்தால் நான் மேலே சொன்ன கதிதான் வரும். கையுயர்த்துவதை நிறுத்திவிட்டு, வரவு இடாப்பு இலக்கத்தை ஐஸ்கிறீம் குச்சிகளில் எழுதி ஒரு டப்பாவில் போடுங்கள். முதலில் கேள்வி, பிறகு இடைவெளி, அதன்பின்தான் குச்சி. இலக்கத்தை முதலில் கூப்பிட்டால் மற்ற முப்பத்தொன்பது பேரும் அந்த விநாடியே ஓய்வெடுத்துவிடுவார்கள்.

அந்த இடைவெளிதான் கடினம். கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக ஒரு விநாடியளவே பொறுக்கிறார் என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் கண்டார். அதை மூன்று விநாடியாக்கினால் விடைகள் நீளமாகவும் காரணத்தோடும் வருகின்றன. மூன்று விநாடி பெரிய விஷயமா என்று நினைக்கலாம். செய்து பாருங்கள். அதிபர் வராந்தாவில் நடந்துபோகும்போது மூன்று விநாடி மௌனம் முப்பது விநாடி மாதிரி இருக்கும்.

எல்லோரிடமிருந்தும் ஒரே நேரத்தில் விடை வேண்டுமானால் சிறு பலகைகள். ஏ4 அட்டையை லெமினேட் செய்தால் வைட்போர்ட் பேனையால் எழுதி அழிக்கலாம். புறக்கோட்டையில் ஒருமுறை செய்து வாங்கினால் வருடக்கணக்கில் பாவிக்கலாம். அதற்கும் வசதியில்லையென்றால் விரல்கள்: விடை 1, 2, 3, 4. “மூன்று எண்ணும்வரை நெஞ்சோடு வையுங்கள், பிறகு காட்டுங்கள்.” இல்லாவிட்டால் பக்கத்து மேசையைப் பார்த்து விரல் மாறும். நாற்பது விடையையும் ஐந்து விநாடியில் பார்த்துவிடலாம். கால்வாசிப் பேருக்கு மேல் பிழை என்றால் நான் அடுத்த பக்கத்துக்குப் போவதில்லை. ஓரிருவர் பிழை என்றால் போகிறேன், அவர்களின் பெயரைக் குறித்துக்கொண்டு.

நான்காவது: பிழையைப் பேசவைக்கும் வினா

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்யமுடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

பல்தேர்வு வினா, எம்.சி.கியூ., என்றாலே சோம்பேறி வினா என்று ஒரு பேச்சு உண்டு. சாதாரண தர விஞ்ஞானத்தில் 40 வினா, தலா 4 விடை. உயர்தரப் பௌதிகவியலில் 50 வினா, தலா 5 விடை. கண்ணை மூடிக் கீறினாலும் இரண்டிலும் சராசரியாகப் பத்து சரிவரும். ஆகவே அந்தப் பேச்சில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் பிழையான விடைகளைக் கவனமாகத் தெரிவுசெய்து வைத்தால் எம்.சி.கியூ. போலத் தடயம் காட்டுவது வேறில்லை.

தசமத்தில் பிள்ளைகள் விடும் பிழை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, நீளமானதே பெரியது: 35 எட்டை விடப் பெரியதல்லவா, ஆகவே 0.35 பெரியது. இரண்டாவது இதற்கு நேர்மாறு, குறுகியதே பெரியது: ஆயிரத்தில் ஒன்று பத்தில் ஒன்றை விடச் சிறியது என்று கேட்டிருக்கிறார்கள், ஆகவே தசமதானம் கூடக்கூட எண் சிறிதாகும் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

இப்போது இந்த வினாவைப் பாருங்கள். மிகப் பெரியது எது: 0.6, 0.48, 0.357? சரியான விடை 0.6. நீளமானதே பெரியது என்பவர் 0.357ஐத் தெரிவார், பிடிபடுவார். குறுகியதே பெரியது என்பவர் 0.6ஐத் தெரிவார். பிழையான காரணத்தால் சரியான விடை, முழுப் புள்ளி. நீங்கள் சரி போட்டுவிட்டீர்கள். அந்தப் பிள்ளையின் பிழை உங்கள் கையெழுத்தோடு அடுத்த வகுப்புக்குப் போகிறது.

எண்களை மாற்றுங்கள்: 0.3, 0.45, 0.426. சரியான விடை 0.45. நீளத்தைப் பார்ப்பவர் 0.426க்கு விழுவார், குறுகியதைப் பார்ப்பவர் 0.3க்கு விழுவார். நான்காவதாக 0.09 வைத்தால் 9ஐக் கண்டு மயங்குபவரும் குருட்டாம்போக்கில் கீறுபவரும் அங்கே போவார்கள். ஒரே வினா, நான்கு விரல், நான்கு வகைப் பிள்ளைகள். யாருக்கு என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது உடனே தெரிந்துவிடும். நீளக்காரருக்கு 0.3ஐ 0.300 என்று எழுதிக் காட்டவேண்டும். குறுகியதைப் பிடித்தவர்களுக்கு அது மட்டும் போதாது; எண்கோட்டில் குறிக்கச்சொல்ல வேண்டும்.

இப்படி வினா எழுத எங்கே தொடங்குவது? பழைய விடைத்தாள்களில். கடந்தகால வினாத்தாள்களைப் பார்த்து வினா எழுதுகிறோம். பிள்ளைகளின் பிழையான விடைகளைப் பார்த்து எழுதுவதில்லை. திருத்தும்போது திரும்பத் திரும்ப வரும் பிழையை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். இரண்டு வருடத்தில் அந்தக் கொப்பி எந்த டியூட்டரித் தாளையும் விடப் பெறுமதியானதாகிவிடும்.

ஐந்தாவது: கணக்குத் தெரியாதா, மொழி விளங்கவில்லையா?

கொழும்புத் தமிழ்மூல வகுப்பு ஒரு கலவை. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்து குடியேறிய குடும்பம், மலையகத்திலிருந்து வேலைக்காக வந்த குடும்பம், கொம்பனித்தெருவில் மலாய் பேசும் பாட்டியோடு வளரும் பிள்ளை, வீட்டில் சிங்களமோ ஆங்கிலமோ பேசிவிட்டுப் பாடசாலையில் மட்டும் தமிழ் எழுதும் பிள்ளை. வசனக் கணக்கு ஒன்றில் “எஞ்சியதைச் சமமாகப் பங்கிட்டால்” என்று எழுதியிருந்தேன். ஒரு பையன் எதுவும் எழுதாமல் இருந்தான். “மிச்சத்தை எல்லாருக்கும் ஒரே அளவா குடுத்தா?” என்று வாயால் கேட்டேன். பேனையை எடுக்காமலே விடை சொன்னான். அவன் கணிதத் தாளில் வாங்கிய பூச்சியம் ‘எஞ்சிய’ என்ற சொல்லுக்கு விழுந்தது.

இதைப் பிரித்தறிய ஒழுங்கான வழி உண்டு. அவுஸ்திரேலிய ஆசிரியர் ஆன் நியூமன் 1977இல் தந்த ஐந்து கேள்விகள். பிழைவிட்ட பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி வரிசையாகக் கேளுங்கள்: இதை வாசி, இதில் என்ன கேட்டிருக்கிறது என்று உன் சொல்லில் சொல்லு, எந்த வழியால் செய்யப்போகிறாய், செய்யும்போதே சொல்லிக்கொண்டு செய்து காட்டு, இப்போது விடையை எழுது. எந்தக் கேள்வியில் தடங்குகிறதோ அங்கேதான் வருத்தம். முதல் இரண்டில் தடங்கினால் அது மொழி. இன்னும் பத்துக் கணக்கு கொடுத்து வீட்டுக்கு அனுப்புவதில் பயனில்லை. ஒரு பிள்ளைக்கு நான்கு ஐந்து நிமிடம் எடுக்கும். நாற்பது பேருக்கும் செய்யமுடியாது, தேவையுமில்லை. மற்றவர்கள் பயிற்சி செய்யும்போது கிழமைக்கு மூன்று பேர்.

வாசிப்பைப் பார்க்காத வினாவில் வாசிப்புச் சுமையைக் குறையுங்கள். சிறிய வசனம், ஒரு வசனத்தில் ஒரு தகவல், பேச்சில் புழங்கும் சொல். இதைச் சலுகை என்று சொல்பவர்கள் உண்டு. தராசில் கல்லைப் போடும்போது கையை வைக்காமல் இருப்பது சலுகையா?

ஆறாவது: கால் தாள்

40 நிமிடப் பாடவேளையில் கடைசி நான்கு நிமிடம். ஏ4 தாளை நாலாகக் கிழித்து ஆளுக்கொரு துண்டு. ஒரே வினா, “ஏன்” என்று ஒரு வரி. வெளியே போகும்போது மேசையில் வைத்துவிட்டுப் போகவேண்டும்.

திருத்தாதீர்கள். புள்ளியும் போடாதீர்கள். மூன்று குவியலாகப் பிரியுங்கள்: விளங்கியவர்கள், பாதி விளங்கியவர்கள், வழியே பிடிபடாதவர்கள். ஆசிரியர் அறையில் தேநீர் குடித்துக்கொண்டே பத்து நிமிடத்தில் முடியும். மூன்றாவது குவியல் தடிப்பாக இருந்தால் நாளைய பாடத்தைக் கிழித்துப்போட்டுத் திரும்பத் தொடங்கவேண்டும். நடுக் குவியலில் ஒன்றிரண்டு துண்டை எடுத்து, பெயரை மறைத்து, அடுத்தநாள் கரும்பலகையில் எழுதி, “இதில் எது சரி, எங்கே வழுக்கியது?” என்று கேட்பது என் வழக்கம். தன் எழுத்து என்று அறிந்த பிள்ளையின் முகம் சிவக்காமல் இருக்க, சரியான பகுதியை முதலில் பேசவேண்டும்.

குழு வேலை, செயற்றிட்டம், செய்முறை

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குக் கொடுக்கும் செயற்றிட்டத்தில் நாங்கள் அளப்பது பெரும்பாலும் அம்மாவின் கைவண்ணத்தையும் அப்பாவின் சட்டைப் பையையும்தான். ரெஜிபோமில் செய்த அழகான எரிமலையைக் கொண்டுவந்த பிள்ளையிடம் எரிமலை பற்றி இரண்டு கேள்வி கேளுங்கள், போதும். செயற்றிட்டம் வேண்டுமென்றால் வகுப்பில், உங்கள் கண்முன்னே, மூன்று பாடவேளையில் செய்யவையுங்கள். குழு வேலைக்கு ஒரு புள்ளி, பிறகு குழுவில் குலுக்கல் முறையில் ஒருவரை எழுப்பி விளக்கச் சொல்லி இன்னொரு புள்ளி. செய்முறைக்கு, நீங்கள் அவதானிக்கப்போகும் நான்கு விஷயத்தை முன்பே எழுதி அதைப் பிள்ளைகளுக்கும் காட்டிவிடுங்கள். பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்கான பதிவுகளை அன்றன்றே போடவேண்டும். தவணை முடிவில் ஒரே இருப்பில், ஒரே நிறப் பேனையால் நிரப்பிய பதிவேட்டைப் பார்த்தால் யாருக்கும் தெரிந்துவிடும், எனக்கும் தெரியும், நானும் நிரப்பியிருக்கிறேன்.

நீள் விடைகளைத் திருத்துவது

புள்ளியிடும் திட்டத்தை வினாவோடு சேர்த்தே எழுதுங்கள், விடைத்தாள் வந்தபிறகு அல்ல. எழுதும்போதே வினாவின் ஓட்டை தெரிந்துவிடும். திருத்தும்போது ஒரு பிள்ளையின் தாளை முழுக்கத் திருத்திவிட்டு அடுத்ததுக்குப் போகாதீர்கள். எல்லாருடைய முதலாம் வினாவையும் திருத்துங்கள், பிறகு தாள்களைக் கலைத்துவிட்டு இரண்டாவதை. முதல் வினாவில் அசத்தியவருக்கு அடுத்ததிலும் கை தாராளமாவதை இது தடுக்கும். பெயருள்ள பக்கத்தை மடித்துவிடுங்கள். இருபதாவது தாளில், முதல் திருத்திய மூன்றைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். என் கை இரவு பத்து மணிக்குப் பிறகு இறுகுகிறது. அது தெரிந்தபின் கட்டுரை வினாவைக் காலையில்தான் தொடுகிறேன்.

தவணைப் பரீட்சை: முன்னும் பின்னும்

முன்: எந்த அலகுக்கு எத்தனை பாடவேளை செலவழித்தீர்கள் என்று எண்ணுங்கள். 30இல் 6 பாடவேளை தசமம் என்றால், தாளிலும் ஏறக்குறைய 20 புள்ளி அதற்கு. கடைசிக் கிழமையில் அவசரமாக ஓடிய அலகிலிருந்து பெரிய வினா கேட்பது பிள்ளைகளைத் தண்டிப்பதற்குச் சமம்.

பின்: புள்ளியைக் கூட்டி, இடாப்பில் ஏற்றி, அறிக்கை எழுதியதோடு தாளைக் கட்டி வைத்துவிடுகிறோம். இன்னும் ஒரு மணித்தியாலம் கொடுங்கள். மொத்தப் புள்ளிப்படி தாள்களை அடுக்கி, மேலிருந்து 27 சதவீதமும் கீழிருந்து 27 சதவீதமும் எடுங்கள். இந்த அளவை 1939இல் ட்ரூமன் கெலி பரிந்துரைத்தார். 40 பேர் வகுப்பில் அது 11 பேர். ஒவ்வொரு எம்.சி.கியூ.வுக்கும் இரு பக்கமும் எத்தனை பேர் சரி என்று எண்ணுங்கள். மேலே 9, கீழே 3 என்றால் வித்தியாசம் 6. 11ஆல் பிரிக்க 0.55. நல்ல வினா. இரு பக்கமும் சமம் என்றால் அந்த வினா எதையும் பிரித்துக் காட்டவில்லை. கீழே உள்ளவர்கள் மேலே உள்ளவர்களை விடக் கூடச் சரியாகச் செய்திருந்தால் வினாவில்தான் பிழை. எனக்கு ஒருமுறை அப்படி வந்தது. பார்த்தால் நான் எழுதிய விடையே பிழை. கெட்டிக்காரப் பதினொரு பேரில் எட்டுப் பேருக்கு நான் அநியாயமாகப் பிழை போட்டிருந்தேன். அடுத்தநாள் வகுப்பில் அதைச் சொல்லி எல்லாத் தாளையும் திரும்ப வாங்கித் திருத்தினேன். அன்றிலிருந்து பிள்ளைகள் தங்கள் தாளைக் கூர்ந்து வாசிக்கத் தொடங்கினார்கள், சேரும் பிழைவிடுவார் என்று தெரிந்ததால்.

தாளைத் திருப்பிக் கொடுக்கும் நாள்

62 என்று சிவப்பில் எழுதிக் கொடுத்தால் பிள்ளை முதலில் பார்ப்பது 62ஐ. இரண்டாவது பார்ப்பது பக்கத்தில் இருப்பவரின் எண்ணை. நீங்கள் ஓரத்தில் எழுதிய குறிப்பை மூன்றாவதாகக்கூடப் பார்க்காது. ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகள் முன்னேறினார்கள். புள்ளியும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அந்த நன்மை கிடைக்கவில்லை. புள்ளி குறிப்பை விழுங்கிவிட்டது.

தவணைப் பரீட்சையில் புள்ளி போடாமல் இருக்க எங்களுக்கு அனுமதியில்லை. நான் செய்வது ஒரு சிறு தந்திரம். முதல்நாள் தாள், குறிப்போடு மட்டும். குறிப்பும் “நன்று”, “இன்னும் முயற்சி தேவை” அல்ல, “3ஆம் வினாவில் 0.3ஐ மூன்று தசமதானத்தில் எழுதிவிட்டு மீண்டும் ஒப்பிடு” என்பதுபோல் கையால் செய்யக்கூடிய ஒன்று. ஒரு பாடவேளை முழுவதும் பச்சைப் பேனையால் தாங்களே திருத்தவேண்டும், பக்கத்தவரிடம் கேட்கலாம். புள்ளி அடுத்தநாள். முதல் தடவை முணுமுணுப்பு இருக்கும். “சேர், மார்க்ஸைச் சொல்லிட்டுத் திருத்தச் சொல்லுங்கோவன்.” மசியாதீர்கள்.

பெற்றோர் கூட்டம்

“பிள்ளை எத்தனையாம் இடம் சேர்?”

இதுதான் முதல் கேள்வி. புலமைப்பரிசில் பரீட்சையின் வெட்டுப்புள்ளியில் பழகிய மனம், உடனே மாறாது. கோபிக்கவும் கூடாது, காலி வீதியின் பாதி டியூட்டரிகள் அந்தக் கேள்வியில்தான் பிழைக்கின்றன. இடத்தைச் சொல்லிவிடுங்கள். பிறகு மூன்று மாதத்துக் கால் தாள்களைத் தேதி வரிசையில் மேசையில் பரப்புங்கள். தை மாதத்தில் 0.426 பெரியது என்று எழுதிய அதே கை, மாசியில் 0.45 என்று எழுதி “ஏனென்றால் 0.450” என்று காரணமும் எழுதியிருக்கும்.

சென்ற தவணையில் ஒரு தகப்பன் அந்தத் துண்டுகளைக் கையில் எடுத்து, மகளைப் பார்த்து, “இதென்ன, இங்க பிழையா எழுதினனீ, இதில எப்பிடிச் சரி வந்தது?” என்று கேட்டார். அவருக்கு விடை தெரியாது. மகள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு விளக்கத் தொடங்கினாள். வெளியே அடுத்த பெற்றோர் காத்திருந்தார்கள். நான் அவசரப்படுத்தவில்லை.